இரும்புச் சக்கரம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஒஹையோவில் ஹோம்ஸ் கவுண்டியின் ஓரத்தில் ஏழு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். மென்பொருள் வேலை, வீட்டிலிருந்தே. எங்கள் வேலிக்கு அடுத்த எண்பது ஏக்கர் ஓர் ஆமிஷ் குடும்பத்துடையது, நவீன வசதிகளை ஒதுக்கி எளிமையாக வாழும் கிறிஸ்தவச் சபையினர். பனி அள்ளித் தருவதிலிருந்து என் பிள்ளைகளுக்குப் பால் கறக்கக் கற்றுக்கொடுத்தது வரை எல்லாம் அவர்கள்தான். அந்தப் பெரியவர் குதிரை ஏரின் பின்னால் நடப்பதைப் பார்த்தால் என் தாத்தா ஞாபகம் வரும். மின்சாரம் இல்லை, ரசாயனம் இல்லை, இயற்கையோடு இயைந்த வாழ்க்கை.

ஒன்றுதான் உறுத்துகிறது. கார் வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறார்கள், ஆனால் என் காரில் ஏறி ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். வயலில் டிராக்டர் கூடாது, ஆனால் குதிரை இழுக்கும், புல் கட்டும் பேலர் மேல் டீசல் எஞ்சின் உட்கார்ந்து உறுமுகிறது. இது போலித்தனம் இல்லையா? வரியும் கட்டுவதில்லை என்று அலுவலகத்தில் பேசிக்கொள்கிறார்கள்.

அடுத்த தை மாதம் ஊர் திரும்புகிறோம். கோபிச்செட்டிபாளையம் பக்கம் அப்பாவின் நாலு ஏக்கர் இருக்கிறது. டிராக்டரே நுழையாமல் மாட்டு ஏரில் மட்டும் வெள்ளாமை செய்ய ஆசை. நடக்குமா? பெரியவர் பிரிவுப் பரிசாகப் பழைய குதிரைக் கழுத்துப்பட்டை ஒன்று கொடுத்திருக்கிறார். வரவேற்பறையில் மாட்டப்போகிறேன். சில படங்களை இணைத்திருக்கிறேன், கடிதத்தோடு வெளியிடலாம்.

கே.

அன்புள்ள கே.,

படங்களை வெளியிடவில்லை. நீங்களும் அழித்துவிடுங்கள். வேலியும் குதிரையும் மட்டும் உள்ள இரண்டை வைத்துக்கொள்ளலாம். பெரியவர் மேழியைப் பிடித்தபடி கேமராவைப் பார்க்கும் படமும், கொடியில் துணி உலர்த்தும் பெண்களின் படமும் உங்களிடம் இருக்கவே கூடாது. முகத்தைப் படமாக்குவது அவர்களுக்குப் பத்துக் கட்டளைகளில் இரண்டாவதை மீறுவது. அதைவிட முக்கியமாக, அது தன்னை முன்னிறுத்திக்கொள்வது. 'ஹோக்முட்' என்பார்கள், தலைக்கனம். அதன் எதிர்ச்சொல் 'கெலாசன்ஹைட்', தன்னை ஒப்புக்கொடுத்து அடங்கியிருப்பது. அவர் உங்களைத் தடுத்திருக்க மாட்டார். விருந்தாளி மனம் நோகக் கூடாது என்று பேசாமல் நின்றிருப்பார். ஏழு வருடம் அந்த வீட்டுப் பாலைக் குடித்தவருக்கு அந்த மௌனம் புரிந்திருக்க வேண்டும்.

வரி விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். வருமான வரி, சொத்து வரி எல்லாம் கட்டுகிறார்கள். பிள்ளைகளைச் சொந்தப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டே அரசுப் பள்ளிக்கான வரியையும் கட்டுகிறார்கள். முதியோர் ஓய்வூதியத்துக்கான சோஷியல் செக்யூரிட்டி வரி மட்டும் கட்டுவதில்லை, அதிலும் சொந்தத் தொழில் செய்பவர்களுக்கும் ஆமிஷ் முதலாளியிடம் வேலை பார்க்கும் ஆமிஷ்காரர்களுக்கும்தான் விலக்கு. முதியவர்களையும் நோயாளிகளையும் பார்த்துக்கொள்வது சபையின் கடமை, அதை அரசிடம் காப்பீடாக வாங்கக் கூடாது என்பது அவர்கள் வாதம். 1961ல் பென்சில்வேனியாவின் நியூ வில்மிங்டன் அருகே வேலன்டைன் பைலர் என்ற விவசாயியின் குதிரைகள் மூன்றை, அந்த வரி பாக்கிக்காக, உழவு நேரத்தில் பிடித்துக்கொண்டுபோய் விற்றார்கள். நாடே பேசியது. 1965ல் சட்டத்திலேயே விலக்கு வந்தது. வரியோடு சேர்ந்து சலுகையும் போயிற்று: ஓய்வூதியமும் கிடையாது, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரும் கிடையாது. அலுவலகத்தில் யாராவது மறுபடி ஆரம்பித்தால் இதைச் சொல்லுங்கள்.

'ரசாயனம் இல்லை' என்று உங்களுக்கு யார் சொன்னது? மின்சாரம் இல்லாத இடத்தில் யூரியாவும் இருக்காது என்று நீங்களாகக் கணக்குப் போட்டுக்கொண்டீர்கள். பெரும்பாலான ஆமிஷ் பண்ணைகளில் களைக்கொல்லி உண்டு, உர மூட்டை உண்டு, கடையில் வாங்கிய வீரிய மக்காச்சோளம் உண்டு. மே மாதம் குதிரைகள் இழுத்துப்போகும் தெளிப்பான் வண்டியைப் பார்த்துத் தண்ணீர் வண்டி என்று நினைத்திருப்பீர்கள். இயற்கை வேளாண்மைக்கு மாறிய குடும்பங்கள் ஹோம்ஸ் பக்கம் இருக்கின்றன. அது அவரவர் தேர்வு, சபையின் கட்டளை இல்லை. பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் கவுண்டியில் தலைமுறைகளாக அவர்களுடைய பணப்பயிர் புகையிலை. செடியை அடியோடு வெட்டி, ஐந்தாறு செடிகளை ஒரு மரச்சட்டத்தில் குத்திக் கோத்து, காற்றோட்டமான கொட்டகையில் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். குளிர்காலம் முழுக்கக் குடும்பமே உட்கார்ந்து இலை உரிக்கும். சின்ன நிலத்தில் நிறையக் கைகளுக்கு வேலை தருகிற பயிர், வெளி வேலையே இல்லாத மாதங்களில் வேலை தருகிற பயிர். அதனால்தான் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

இதையெல்லாம் ஒரு மின்னஞ்சலில் உங்களுக்கு மட்டும் எழுதியிருக்கலாம். பொதுவில் பதில் எழுத உட்காரவைத்தது அந்த ஒரு வரி: 'இது போலித்தனம் இல்லையா?' ஒரு கருவியை எந்த இடத்தில் நிறுத்துவது, யார் நிறுத்துவது என்பதைப் பற்றித்தான் சில மாதங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். நம்மூரில் யாரும் எங்கும் நிறுத்துவதில்லை. பக்கத்துத் தோட்டத்தில் வந்துவிட்டதா, நமக்கும் வேண்டும்.

உங்களை உறுத்திய பேலரையே எடுத்துக்கொள்வோம். அது செய்வது இரண்டு வேலை. ஒன்று, வயலில் நகர்ந்தபடியே காய்ந்த புல்லை வாரி எடுப்பது. இரண்டு, வாரிய புல்லை அமுக்கிச் சணலால் கட்டிப் பின்னால் தள்ளுவது. மற்ற பண்ணைகளில் இரண்டையும் டிராக்டரே செய்யும். இழுப்பதும் அது, எஞ்சின் சக்தியைக் கருவிக்குக் கடத்தும் பி.டி.ஓ. தண்டைச் சுழற்றுவதும் அது. ஆமிஷ்காரர்கள் அந்த இரண்டையும் பிரித்தார்கள். அமுக்குவதற்கு எஞ்சின், நகர்வதற்குக் குதிரை. எஞ்சின் பாவம் என்று அவர்கள் ஒருநாளும் சொன்னதில்லை. அவர்களுடைய தொழுவத்தில் டீசல் எஞ்சின் ஓடுகிறது, பால் குளிரூட்டுகிறது, காற்றழுத்தத்தில் பம்பு ஓட்டுகிறது. பல சபைகளில் டிராக்டரே உண்டு, தொழுவத்துப் பக்கம் நின்ற இடத்தில் நின்று பெல்ட் ஓட்டுவதற்கு மட்டும். அதற்கு ரப்பர் டயர் கிடையாது, இரும்புச் சக்கரம். தார்ச்சாலையில் ஏறினால் ஓட்டுபவரின் எலும்பு கழன்றுவிடும். அதற்காகவேதான் இரும்புச் சக்கரம். ரப்பர் டயர் போட்ட டிராக்டர் இரண்டாம் வாரம் கடைவீதிக்குப் போகும், ஐந்தாம் வாரம் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகும். அப்புறம் அதைக் கார் என்று சொல்லாமல் என்னவென்று சொல்வது?

1920களின் தொடக்கத்தில் லங்காஸ்டரில் சில ஆமிஷ் விவசாயிகள் டிராக்டரை வயலில் இறக்கிப் பார்த்தார்கள். சபை கூப்பிட்டுத் திரும்பக் கொண்டுபோகச் சொன்னது. 1960களின் இறுதியில் பால் வாங்கும் நிறுவனங்கள், கேன் பால் இனி வேண்டாம், குளிர்த்தொட்டி வையுங்கள் என்றபோது மூப்பர்கள் உட்கார்ந்து பேரம் பேசினார்கள். தொட்டி வரலாம், குளிரூட்ட டீசல் எஞ்சின் போதும், பாலைக் கலக்கிவிடும் மோட்டாருக்கு 12 வோல்ட் பேட்டரி போதும், மின்கம்பி வராது, ஞாயிற்றுக்கிழமை லாரி வரக் கூடாது. நிறுவனங்கள் ஒத்துக்கொண்டன. இன்னும் கடுமையான ஸ்வார்ட்சென்ட்ரூபர் பிரிவினர் அந்தத் தொட்டியையும் ஏற்கவில்லை. கையால் கறந்து பத்து கேலன் கேனில் ஊற்றி, ஊற்றுத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிக் குளிரவைத்துப் பாலாடைக்கட்டி ஆலைக்கு அனுப்புகிறார்கள். நிறைந்த கேன் ஐம்பது கிலோ வரும். ஹோம்ஸ் கவுண்டியின் சுவிஸ் பாலாடைக்கட்டிக்குப் பின்னால் இந்தக் கேன்கள் இருக்கின்றன.

ஒவ்வொரு சபைக்கும் ஒரு 'ஓர்ட்னுங்' உண்டு, பெரும்பாலும் எழுதி வைக்காத ஒழுங்கு. ஒரு சபை என்றால் 25 முதல் 40 குடும்பங்கள். தேவாலயக் கட்டடம் கிடையாது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீடாகக் கூடுகிறார்கள். ஆண்டுக்கு இருமுறை, திருவிருந்து வழிபாட்டுக்கு முன்னால், அந்த ஒழுங்கை எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்களா என்று பார்க்கிறார்கள். ஒப்புதல் இல்லாவிட்டால் திருவிருந்தே தள்ளிப்போகும். அங்கே 'இது நல்ல இயந்திரமா' என்பது இரண்டாவது கேள்வி. இது வந்தால் பக்கத்து வீட்டுக்காரனின் தேவை குறையுமா, பெருகுமா என்பதுதான் முதல் கேள்வி.

கார் விஷயமும் இதேதான். சொந்தக் கார் இருந்தால் நினைத்த நேரம் நினைத்த இடத்துக்குப் போகலாம். குதிரை வண்டி மணிக்குப் பதின்மூன்று, பதினைந்து கிலோமீட்டர் போகும். போய் அன்றே திரும்ப வேண்டும். அந்த வட்டத்துக்குள் உறவு, சந்தை, சபை எல்லாம் அடங்கிவிடும். அதைத் தாண்டிப் போக வேண்டுமானால் ஒருவரிடம் கேட்க வேண்டும், அவருக்கு நேரம் இருக்க வேண்டும், கூலி கொடுக்க வேண்டும். கேட்டுப் போக வேண்டியிருந்தால் தேவைக்குத்தான் போவோம். அந்தப் பெரியவர் உங்கள் காரில் ஏறினார் என்றால் உங்களைக் கேட்டார் என்று அர்த்தம். ஏழு வருடத்தில் அந்த ஊரில் வேறு யாராவது உங்களிடம் ஏதாவது கேட்டிருக்கிறார்களா?

இப்போது கோதுமை. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லத்தான் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜூலையில் உங்கள் வேலிக்கு அப்பால் கதிர்க்கட்டுகள் கூம்பு கூம்பாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகு என்று படமும் எடுத்திருக்கிறீர்கள். அறுப்பையும் கதிரடிப்பையும் ஒன்றாகச் செய்யும் கம்பைன் இயந்திரம் கோதுமையை நின்றபடியே முழுக்கக் காயவிட்டுத்தான் அறுக்கும். மணியில் ஈரம் 13, 14 சதவீதத்துக்கு இறங்கியிருக்க வேண்டும். குதிரை இழுக்கும் பைண்டர் அதற்கு ஒரு வாரம் முன்பே வயலில் இறங்கும். மணியை நகத்தால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், பால் வரக் கூடாது. அதுதான் பதம். அதைத் தவறவிட்டு முற்றவிட்டால் பைண்டரின் சுழல்கை தட்டியே மணி உதிர்ந்துவிடும். பைண்டர் அறுத்து, சணலால் முடிச்சுப் போட்டு, கட்டுகளை வரிசையாகப் போட்டுக்கொண்டே போகும். பின்னால் ஆட்கள் நடப்பார்கள். கக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கட்டை எடுத்து, அடித்தாள் தரையில் ஊன்றும்படி ஓங்கிக் குத்தி, தலைகள் ஒன்றின் மேல் ஒன்று சாயும்படி நிறுத்த வேண்டும். அந்த முதல் ஜோடி ஒழுங்காக நின்றால்தான் மீதி நிற்கும். இப்படி நான்கு ஐந்து ஜோடி, வடக்கு தெற்காக, இரண்டு பக்கமும் வெயில் படும்படி. கடைசியாக ஒரு கட்டின் தாளை விசிறி மாதிரி விரித்து மேலே தொப்பியாகக் கவிழ்க்க வேண்டும்.

தவறு நடக்கும் இடங்கள் மூன்று. அடித்தாள் ஊன்றாவிட்டால் முதல் காற்றிலேயே கூம்பு சாயும். கட்டுக்குள் பச்சைக் களை நிறைய இருந்தால் முடிச்சுப் பக்கம் புழுங்கிப் பூசணம் பிடிக்கும். தொப்பி பறந்து மழையும் பெய்தால் மணி கதிரிலேயே முளைவிடும். எல்லாம் சரியாக இருந்தால் பத்து நாள், இரண்டு வாரத்தில் காய்ந்துவிடும்.

பிறகு கதிரடிப்பு. கதிரடிக்கும் மிஷின் எட்டுப் பத்துக் குடும்பங்களுக்குப் பொதுவாக ஒன்று இருக்கும். அது பண்ணை பண்ணையாகப் போகும், வண்டிகளும் ஆட்களும் கூடவே போவார்கள். இரும்புச் சக்கர டிராக்டரைத் தள்ளி நிறுத்தி நீளமான தட்டைப் பெல்ட்டால் இணைப்பார்கள். பெல்ட்டில் ஒரு முறுக்கு விட்டு மாட்டினால் காற்றில் படபடக்காது, உருளையையும் நன்றாகப் பிடிக்கும். மிஷினை நிறுத்தும் திசை காற்றைப் பார்த்து. தூசி, மிஷினுக்குத் தீனி போடுபவரின் முகத்துக்கு வரக் கூடாது. கட்டுகளைக் கதிர்முனை முன்னாலிருக்க, ஒன்றன்பின் ஒன்றாக விட வேண்டும். குறுக்கே ஒன்று விழுந்தால் போதும், உருளை திணறும், பெல்ட் கழன்று விழும், அத்தனை பேரும் நிற்க வேண்டியதுதான். அதனால் தீனி போடும் இடத்தில் சின்னப் பையனை விட மாட்டார்கள். அவனுக்கு மூட்டையில் வேலை. மதியம் அந்தந்த வீட்டில் சாப்பாடு.

கம்பைன் இந்த மூன்று வார வேலையை ஒரு மதியத்தில் முடித்துவிடும். அது அவர்களுக்கும் தெரியும். கம்பைன் வந்தால் முதல் வருடம் சௌகரியம். இரண்டாம் வருடம், எட்டுக் குடும்பம் எதற்குக் கூட வேண்டும் என்ற கேள்வி வரும். மூன்றாம் வருடம் கம்பைன் விலைக்கு எண்பது ஏக்கர் கட்டுப்படியாகாது, பக்கத்து எண்பதும் வேண்டும். பக்கத்து எண்பது கிடைக்க வேண்டுமானால் பக்கத்து வீட்டுக்காரன் போக வேண்டும். போனான், அமெரிக்கா முழுக்கப் போனான். வைக்கோல் விஷயமும் இருக்கிறது. கம்பைன் தாளை நொறுக்கித் துப்பும். பைண்டர் அறுத்த தாள் நீளமாக, முழுசாகக் கிடைக்கும், மாட்டுக்கும் குதிரைக்கும் கீழே விரிக்க நல்ல படுக்கை. மிஷின் அறுத்த நெல் வைக்கோலை மாடு முகர்ந்துவிட்டுத் தள்ளுகிறது என்று காவிரிக் கரையில் புலம்புகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பயிர்ச் சுழற்சியும் இந்த வேகத்துக்கு அமைந்ததுதான். புல் நிலத்தை உழுது மக்காச்சோளம், அடுத்த வசந்தத்தில் ஓட்ஸ், அந்த ஓட்ஸை அறுத்த இடத்தில் இலையுதிர் காலத்தில் கோதுமை. ஹெஸ்ஸியன் ஈ என்ற பூச்சி முட்டையிடும் பருவம் முடிந்தபின்தான் விதைக்க வேண்டும், அந்தப் பக்கம் செப்டம்பர் கடைசி வாரம். கோதுமை குளிரில் கிடக்கும்போதே பிப்ரவரி, மார்ச்சில் உறைந்த தரைமேல் குளோவர் விதையைக் கையால் வீசிவிடுவார்கள். இரவில் உறைந்து பகலில் இளகும் மண் வெடித்து மூடி விதையைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். உழவும் வேண்டாம், பரம்பும் வேண்டாம். கோதுமை போனபின் அடுத்த ஆண்டு அது தீவனப்புல்லாகும். எந்த மாதத்து வேலையும் அடுத்த மாதத்து வேலையின் தலையில் விழாது. சிலர் புல்லுக்குப் பதில் குதிரை மசால் என்ற தீவனப் பயிரை நாலைந்து வருடம் விட்டுவைப்பதும் உண்டு.

எல்லாவற்றுக்கும் அளவுகோல் குதிரை. பன்னிரண்டு அங்குல அகல ஏரில் ஓர் ஏக்கர் உழுது முடிக்க, ஏர் பிடித்தவர் எட்டேகால் மைல் நடக்கிறார், பதின்மூன்று கிலோமீட்டர். ஒரு ஜோடிக்கு ஒரு நாளில் ஏக்கர், ஏக்கரரை. ஐந்தாறு குதிரை பூட்டி, உட்கார்ந்து ஓட்டும் இரட்டைக் கொழுக் கலப்பையில் நான்கு ஏக்கர். அதற்கு மேல் எவ்வளவு பேராசை இருந்தாலும் குதிரை நின்றுவிடும். நில உச்சவரம்புச் சட்டம் செய்ய முடியாததை அது செய்கிறது.

உங்கள் தாத்தாவின் மாட்டு ஏரும் அந்தப் பெரியவரின் குதிரை ஏரும் ஒன்றுபோலத் தெரிவது தூரத்திலிருந்து பார்ப்பதால். நம் மாட்டுக்குத் திமில் உண்டு. நுகத்தடி அதற்கு முன்னால் உட்காரும், மாடு அதைத் தள்ளிக்கொண்டு நடக்கும். குதிரைக்குத் திமில் இல்லை. கழுத்தில் வார் போட்டு இழுக்கவிட்டால் மூச்சுக்குழல் நெரியும். அதற்காகத்தான் உங்களிடம் இருக்கிற அந்தக் கழுத்துப்பட்டை. இழுவையைத் தோள்பட்டையின் சதைக்கு மாற்றுகிற கருவி அது. அதன் பொருத்தத்தில்தான் ஒரு பண்ணையின் வசந்தகாலமே இருக்கிறது. குதிரை தலையை வேலை செய்யும் உயரத்தில் வைத்திருக்கும்போது, பட்டையின் அடியில், தொண்டைக்கும் பட்டைக்கும் நடுவில், நான்கு விரல் தட்டையாக நுழைய வேண்டும். பக்கவாட்டில் விரல் நுனி மட்டும். இறுகினால் மூச்சு முட்டும். தளர்ந்தால் பட்டை ஆடும், ஆடினால் தோல் உரியும்.

இதில் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. குளிர்காலம் முழுக்கத் தின்று நின்ற குதிரைக்கு ஏப்ரலில் கழுத்தில் கொழுப்பு இருக்கும். அன்றைக்கு அளவெடுத்த பட்டை ஆறு வாரம் உழுதபின் தொளதொளவென்று ஆகிவிடும். தெரிந்தவர்கள் உள்ளே வைக்க மெத்தைப் பட்டையும், ஓர் அளவு சின்னதாக இன்னொரு கழுத்துப்பட்டையும் வைத்திருப்பார்கள். இழுவை வாரின் கோணமும் முக்கியம்: வாரும் தோளும் செங்குத்தாகச் சந்திக்க வேண்டும். மேலே போனால் பட்டை எழும்பித் தொண்டையை அமுக்கும், கீழே போனால் தோள் மூட்டில் இடிக்கும். முதல் இரண்டு வாரம் அரை நாள்தான் வேலை. ஓய்வில் பட்டையைத் தூக்கிக் காற்று படவிட வேண்டும். மாலையில் தோளை உப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும், பட்டையின் உட்புறத்தில் காய்ந்த வியர்வையைத் துடைக்க வேண்டும். துடைக்காவிட்டால் அந்த உப்பே மறுநாள் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். ஒரு தோள்புண் ஆற மூன்று வாரம். உழவுக்குக் கிடைப்பதே அவ்வளவுதான்.

மூன்று குதிரை பூட்டும் கட்டையையும் பார்த்திருப்பீர்கள். முப்பத்தாறு அங்குலக் கட்டையில் ஆணி நடுவில் இருக்காது. பன்னிரண்டு அங்குலப் பக்கம் இரண்டு குதிரை, இருபத்துநான்கு அங்குலப் பக்கம் ஒன்று. கிழட்டுக் குதிரை இருந்தால் ஆணியை அதைவிட்டு ஓர் அங்குலம் தள்ளிப் போடுவார்கள், அதற்குப் பாரம் குறையும். இளைத்த மாட்டுக்காக நுகத்தில் ஏர்க்காலைக் கட்டும் இடத்தை விரற்கடை தள்ளிக் கட்டுவதும் இதே கணக்குத்தான். உங்கள் தாத்தா செய்திருப்பார்.

ஊர் கூடித் தொழுவம் கட்டுவதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, நல்லவேளை. எழுதுகிறவர்கள் எல்லாம் அந்த ஒரு நாளைத்தான் எழுதுகிறார்கள்: காலையில் அஸ்திவாரம், மாலையில் கூரை. அந்த ஒரு நாளுக்கு முன்னால் வாரக்கணக்கில் ஒரு தலைமைத் தச்சர் ஒவ்வொரு மரத்துக்கும் துளையும் நாக்கும் அளந்து வெட்டிவைத்திருப்பார். அந்தத் தொழுவம் எதனால் எரிந்தது என்று யாரும் கேட்பதில்லை. மின்னலைப் போலவே ஈரப்புல்லும் ஒரு காரணம். காய்ந்ததென்று நம்பி இருபது சதவீதத்துக்கு மேல் ஈரத்தோடு அடுக்கிய புல் உள்ளே புழுங்கிச் சூடேறும். 65 டிகிரி செல்சியஸ் தாண்டினால் ஆபத்து, 80 தொட்டால் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டுவிட்டுத்தான் அடுக்கைக் கலைக்க வேண்டும். அதற்கு முன் கலைத்தால் காற்றுப் பட்டுப் பற்றிக்கொள்ளும். அடுக்கிய அன்றே எரிவதில்லை, இரண்டு வாரம் முதல் ஆறு வாரத்துக்குள் எரியும். தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் இரும்புக் கம்பியை உள்ளே சொருகிக் கால்மணி நேரம் கழித்து உருவிப் பார்ப்பார்கள். கையில் பிடிக்க முடியாவிட்டால் அன்று இரவு தூக்கம் கிடையாது.

இதற்குமேல் அவர்களைப் புகழ எனக்கு இஷ்டமில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பு முடிகிறது. அதற்கு 1972ல் உச்ச நீதிமன்றமே அனுமதி கொடுத்தது. அங்கே பிறந்த கெட்டிக்காரப் பெண் ஒருத்திக்கு அதற்குமேல் என்ன வழி என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. லங்காஸ்டரில் சின்னச் சின்ன நிலத்தில் அளவுக்கு மீறி மாடு வைத்து, அந்தச் சாணமும் சத்தும் கோனஸ்டோகா ஆற்றில் இறங்கி, சஸ்குவஹானா வழியாகச் செசபீக் விரிகுடா வரை போய்ப் பாசியாகிறது. குதிரையால் உழுதால் ஆறு சுத்தமாகிவிடாது. ஜனத்தொகை இருபது ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிக்கிறது, இன்று நான்கு லட்சத்தைச் சுற்றி. நிலம் இரட்டிக்கவில்லை. பெரும்பாலான ஆமிஷ் ஆண்களுக்கு இன்று தொழில் விவசாயமே இல்லை. மரச்சாமான் பட்டறை, கட்டட வேலை. வடக்கு இந்தியானாவில் வீட்டு வண்டி செய்யும் தொழிற்சாலைகளில் கணிசமான கைகள் ஆமிஷ் கைகள். ஏர் பிடிக்கும் உங்கள் பெரியவர் அவர்களிலேயே சிறுபான்மை.

உங்கள் நாலு ஏக்கர். நாலு ஏக்கரை மாட்டு ஏரில் உழுவதில் கஷ்டமே இல்லை, ஒரு ஜோடி போதும். அந்த ஜோடி மாட்டுக்கு வருடத்தில் எத்தனை நாள் வேலை இருக்கும்? மீதி நாள் நின்று தின்னும். பக்கத்தில் இன்னும் நான்கு பேர் மாடு வைத்திருந்தால் ஒருவருக்கொருவர் மாத்தாள் போகலாம், ஏர் மாற்றிக்கொள்ளலாம், லாடம் கட்டுபவர் ஊருக்கு வருவார், கலப்பைக்குக் கொழு அடிக்கும் கொல்லர் பட்டறை ஓடும். நீங்கள் ஒருவர் மட்டும் வைத்திருந்தால் அது வார இறுதியில் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போகிற காட்சிப்பொருள். டிராக்டரை நுழையவிட மாட்டேன் என்று தனியாளாக விரதம் எடுக்காதீர்கள். ஆமிஷ்காரர் யாரும் தனியாளாக அதைச் செய்யவில்லை. ஊருக்குப் போய் ஒரு போகம் சும்மா இருந்து, சுற்றுவட்டாரத்தில் யார் யாரிடம் மாடு இருக்கிறது என்று நடந்து பார்த்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.

கழுத்துப்பட்டையை வரவேற்பறையில் மாட்டுங்கள், பரவாயில்லை. ஆனால் மேலே உள்ள பக்கிளைப் போட்டே மாட்டுங்கள், திறந்தபடி தொங்கினால் வடிவம் விரிந்து கெட்டுப்போகும். குறுகிய முனை கீழே வரும்படி, தலைகீழாக. உள்ளே அடைத்திருப்பது அநேகமாக ரை என்ற தானியத்தின் வைக்கோல். தோலில் பல வருட வியர்வை உப்பு ஊறியிருக்கும். எலிக்கு இரண்டும் பிடிக்கும், கோபியில் எலிக்குப் பஞ்சமில்லை. மாட்டுவதற்கு முன் ஈரத் துணியால் உட்புறத்தைத் துடைத்து, நிழலில் காயவைத்து, வேப்பெண்ணெய் தடவிவிடுங்கள்.

அன்புடன்